என் மனைவியின் எண்ணில் கேட்ட குரல்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, என் மனைவியின் இரண்டாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கான அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் போகும். ஆகவே பெயர்களை ஐந்து ஐந்தாகத் தொட்டு அனுப்பினேன். கண்ணாடியைத் தேடி எடுக்கச் சோம்பல். தொண்ணூறு பேர் போல முடிந்த பிறகு, யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்று மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வரிசையில் 'வீடு' என்று ஒரு பெயர் இருந்தது.

வீடு என்பது என் மனைவி. முதல் போன் வாங்கிய நாளிலிருந்து அவள் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். எங்கள் மில்லில் பாதிப் பேர் போனில் மனைவிக்கு அதுதான் பெயர். அவளுடைய படம் போட்ட நினைவு அட்டையை அவளுக்கே அனுப்பியிருக்கிறேன். அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த இரண்டு டிக்குகளும் நீல நிறமாக மாறின.

யாரோ படித்துவிட்டார்கள்.

எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். அவளுடைய போன் சேலைகளுக்கு நடுவே வைத்த இடத்திலேயே இருந்தது. சார்ஜ் போய் எத்தனையோ மாதங்கள். கையில் எடுத்தால் சில்லென்று இருந்தது. மறுபடி என் போனைப் பார்த்தேன். 'வீடு' என்ற பெயருக்கு மேல் எப்போதும் அவள் தையல் மெஷினுக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருக்கும் படம் இருக்கும். அவள் போன பிறகு என்றைக்கோ அது வெறும் சாம்பல் வட்டமாகிவிட்டது. இப்போது அங்கே ஒரு புதிய படம். ஏதோ ஒரு மரம். அதன் கிளையில் சேலையில் கட்டிய தொட்டில். சுற்றிலும் ஆள் யாரும் இல்லை. பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் அது 'டைப் செய்கிறார்' என்று மாறியது. நின்றது. மறுபடி மாறியது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்தும் வரவில்லை.

"என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் என் மகள்.

"கண்ணாடி போடாமப் பாத்தேன். தலைவலி" என்றேன்.

உபயோகிக்காத எண்ணைச் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. டிப்ளமோ படித்தவன். இருபத்தாறு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எந்திரங்களோடு இருக்கிறேன். ஆனால் தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை.

அந்த எண்ணை விட்டது நான்தான். அவள் இறந்த பிறகும் நாலு மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வழக்கமான கடை. ஒரு நாள் கடைக்காரர், "அக்காவ ரொம்ப நாளாக் காணும், நல்லா இருக்காகளா?" என்று கேட்டார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த மாதம் அந்தக் கடைக்குப் போகக் கால் வரவில்லை. வேறு கடைக்கும் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். மகள் ஒரு முறை கேட்டபோது, "மாசாமாசம் போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

இனி எங்கள் துணிக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்யும் தறிகள் நிறைய உண்டு. சல்லடை போன்ற மெல்லிய பருத்தித் துணி. அதை வாங்கி, நாலைந்து தடவை துவைத்து மெத்தென்று ஆக்கி, பிறந்த குழந்தைகளைச் சுற்றும் துணியாகவும் ஜப்லா என்னும் சின்னச் சட்டையாகவும் தைக்கலாம் என்பது என் மனைவியின் யோசனை. தன் போனிலேயே படம் எடுத்து அனுப்பி விற்றாள். மூலை திரும்பும் இடத்தில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். ஓரம் பிரியாமல் இருக்க என்பாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் போய்விட்டாள். கடைசியாகத் தைத்த பத்துத் துணிகள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அவற்றை விற்பதில்லை என்று மகள் சொல்லிவிட்டாள்.

மகள் சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவின் கடையை எடுத்துக்கொண்டாள். முறையாக ஒரு ஆன்லைன் கடை ஆக்கினாள். பல கடைகளின் பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்டும் பெரிய தளம் ஒன்றில் எங்கள் துணிகளையும் சேர்த்தாள். எங்கிருந்தோ யாரோ குழந்தைத் துணி தேடினால் எங்கள் துணி வந்து நிற்கும். ஆர்டர்களில் முக்கால்வாசி அந்த வழியாகத்தான் வந்தன.

ஆகஸ்ட் மாதம், மில் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல.

"அப்பா, கடையை முடக்கிட்டாங்க."

அந்தத் தளம் எங்கள் பொருள்கள் அத்தனையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வந்த கடிதத்தில் இரண்டே வரி. கடையைப் பற்றி நீங்கள் தரும் விவரங்கள் உண்மை நிலையோடு பொருந்தவில்லை, ஆகவே உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது என்று. எந்த விவரம் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நாம் என்ன போலித் துணியா விற்கிறோம், யாரை ஏமாற்றினோம் என்று வீட்டில் கத்தினேன். மகள் கத்தவில்லை. விலை, திருப்பி அனுப்பும் விதி, படங்கள், முகவரி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தாள். நாலு நாளில் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது முறையும் அதே பதில். இன்னும் ஒரு தடவைதான் கேட்கலாம், அதிலும் மறுத்தால் அந்தக் கணக்கு திரும்ப வராது என்று கீழே எழுதியிருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்பா. பொறவு சென்னைக்கே போயிருதேன். பழைய ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க" என்றாள். தையல் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னாள்.

அன்று மாலை அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, எங்கள் கடைப் பக்கத்தை என் போனில் திறந்து பார்த்தேன். 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில் என் மனைவி சொல்வது போல எழுதியிருந்தது. ஒவ்வொரு துணியையும் நானே என் கையால் ஓரம் அடித்துத் தருகிறேன், எந்த நேரமும் என்னிடம் பேசலாம் என்று. கீழே அவள் எண். அதைப் பார்க்காதவன் போல மேலே நகர்த்திவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டேன். "பக்கத்துல நம்பரெல்லாம் சரியா இருக்கா பாப்பா?"

அவள் தட்டைப் பார்த்தபடியே, "அம்மா நம்பர்தான். நீங்கதான ரீசார்ஜ் பண்ணுதீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு தூக்கம் சரியில்லை. அந்தத் தொட்டில் படத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் 'வீடு' ஆன்லைனில் இருக்கும். மத்தியானம் கேன்டீனில் பார்த்தாலும் இருக்கும். தொட்டில் மட்டும் எப்போதும் காலியாகத் தொங்கும். குழந்தைத் துணி விற்றவளின் எண்ணில் காலித் தொட்டில். இதை யாரிடம் சொல்வது.

கடைசியில் மில் எலெக்ட்ரீஷியனிடம் பாதியைச் சொன்னேன். இருபது வருடச் சிநேகிதர். எதையும் கேலியாகவே பேசுவார்.

"அண்ணாச்சி, அந்த நம்பர் யார்கிட்டயோ இருக்கு. அந்தத் தளத்துக்காரவுக போன் போட்டுப் பாத்துருப்பாக, அது கடையே இல்லன்னு பதில் வந்துருக்கும். அம்புட்டுதான் விஷயம். நம்பர மாத்திட்டுப் போவீகளா" என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "மாத்த மனசில்லன்னா, நம்பர் வச்சிருக்க ஆளப் பிடிச்சு, போன் வந்தா 'ஆமா, கடைதான், நான்தான் பேசுதேன்'னு ஒரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. செத்தவுக வந்து ஓட்டே போட்டுட்டுப் போற ஊரு. போன் பேசக் கூடாதாக்கும்."

அவர் சிரித்துவிட்டு மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அந்த வேடிக்கைப் பேச்சு எனக்கு வழியாகத் தெரிந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, மில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று 'வீடு' என்ற பெயரைத் தொட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. மணி போனது. எடுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு பெண் குரல் வந்தது.

"வாரேன், வாரேன். செத்த இரு, வந்துட்டேன்."

போனை அணைத்துவிட்டேன். என் மனைவியின் குரல் அல்ல அது. சத்தியமாக அல்ல. ஆனால் அவள் அடுப்படியிலிருந்து அப்படித்தான் சொல்வாள். எதிர்க் கடைக்குப் போய் ஒரு டீ குடித்தேன்.

மறுபடி அழைத்தேன். இந்தத் தடவை, "நீங்க யாரு?" என்று நானே முந்திக்கொண்டேன்.

"நீங்க அந்தம்மா வீட்டுக்காரரா?" என்று கேட்டது குரல். "ஒங்ககிட்டப் பேசணும்னு எத்தனையோ நாளா நெனைக்கேன். எழுதி எழுதி அழிச்சிட்டேன். என்னன்னு எழுத?"

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கோயம்புத்தூர், திருச்சி என்று ஏதாவது தூரத்து ஊரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மம்சாபுரம் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் புருசனோடு காவலுக்கு இருப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, மகளிடம் மில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மத்தியானம் கிளம்பினேன். மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. மம்சாபுரம் தாண்டியதும் சாரல். மண்பாதையில் பைக் வழுக்கியது, நிறுத்திவிட்டு நடந்தேன். மாங்காய்க் காலம் முடிந்த தோப்பு. ஒரு ஆள் இல்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. எல்லா மரமும் ஒன்று போலவே இருந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அந்த எண்ணை அழைத்தேன்.

மணிச் சத்தம் என் காதில் மட்டும் கேட்கவில்லை. தோப்புக்குள்ளிருந்தும் கேட்டது.

சத்தம் வந்த திசையில் போனேன். படத்தில் பார்த்த அதே மரம். அதே கிளை. அதே சேலைத் தொட்டில். பக்கத்துக் கிளையில் ஒரு மஞ்சள் பை தொங்கியது, அதற்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. காற்றும் இல்லை. ஆனால் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் போனை அணைக்கவில்லை. அணைத்தால் அந்த அமைதியில் என்ன கேட்குமோ என்று இருந்தது.

"வாரேன், வாரேன். செத்த இருங்கண்ணாச்சி."

முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். முப்பது வயதுக்குள் ஒரு பெண், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்துகொண்டிருந்தார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "முழிக்கல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"உள்ளே பிள்ளையா?" என்றேன்.

"ஆமாண்ணாச்சி. ஆறு மாசம் ஆவுது. போன் அடிச்சா முழிச்சிருவானோன்னு, அவன்கிட்டத்தான் 'வாரேன், வாரேன்'னுட்டே ஓடி வருவேன்."

"போன்ல படம் வச்சிருக்கீங்களே, அது காலியா..."

"காலியாவா? உள்ளதான் கெடக்கான். ஒறங்குற நேரத்துல எடுத்தது" என்று சிரித்தார். "எம் மூஞ்சிய வச்சா யாரு பாப்பா."

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அவரே பேசினார். நிறைய நாள் பேசாமல் வைத்திருந்த பேச்சு.

"இந்த சிம்மு வாங்குனப்ப எனக்கு எட்டு மாசம். செவிலியம்மா நம்பர் கேட்டாக, அதுக்கு வாங்குனது. போட்ட மறுநாளே ஒருத்தரு போன் போட்டு, பொறந்த பிள்ளைக்குத் துணி இருக்கான்னு கேக்காரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வயித்துல பிள்ளை இருக்கது இவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் இன்னொரு பொம்பள. அவுகளும் பிள்ளைத் துணிதான் கேக்காக. ஒரு பேரச் சொல்லி, அவுகதானன்னு கேக்காக. எங்க வீட்டுக்காரரு, இது ஏதோ நல்லதுக்கில்ல, சிம்மத் தூக்கிப் போடுங்காரு. ரேஷன் கார்டு, பேங்க்கு, ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் குடுத்தாச்சே. எப்படிப் போட?"

"பொறவு ஒங்க அட்டை வந்துச்சு. தேடுனவுக சொன்ன பேரும் அட்டைல இருந்த பேரும் ஒண்ணு. அன்னைக்குப் பூரா நான் சோறு திங்கல. அந்தம்மா படத்தப் பாத்துச் சொன்னேன். அக்கா, நம்பரத்தான் எடுத்தேன், வேற ஒண்ணும் ஒங்களுது எடுக்கல, எம்பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராதீகன்னு."

நான் இங்கே அந்தத் தொட்டிலைப் பார்த்து நடுங்கிய நாட்களில், இந்தப் பெண் அங்கே என் மனைவியின் படத்தைப் பார்த்து நடுங்கியிருக்கிறார்.

"அதுக்குப் பொறவு யாரு கேட்டாலும் உள்ளதச் சொல்லிருதேன். ஒரு பொம்பளப்பிள்ளை இங்கிலீசும் தமிழுமாக் கலந்து பேசுச்சு. பேரச் சொல்லி, கடை நடத்துறவுகதானன்னு கேட்டுச்சு. அவுக இறந்து ரெண்டு வருசமாச்சுன்னு சொன்னேன். அப்படியா, சாரின்னு வச்சிருச்சு. தப்பாண்ணாச்சி?"

அதுதான். கடை முடங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். நானே அனுப்பிய அட்டை, அவர் சொன்ன ஒரு உண்மை.

தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் வந்தது அதற்கு அல்லவே. மகளின் கடை, மாசக் கடைசி, சென்னை எல்லாவற்றையும் சொன்னேன். திரும்ப அந்தப் பெண் போன் செய்தால், "ஆமா, நான்தான்" என்று மட்டும் சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு அது ஒரு சின்ன உதவி போலத்தான் இருந்தது.

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னைய அவுகளாப் பேசச் சொல்லுதீகளா?"

"ஒரு வார்த்தைதான்."

"நான்தான் அவுகன்னு ஒருக்கச் சொல்லிட்டா, பொறவு அவுகளத் தேடி வாரது பூரா எனக்குத்தான வரும்? நான் பிள்ளைக்காரிண்ணாச்சி." குரல் உயரவில்லை. "ஒங்க மக நல்லா இருக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கீக. ஆனா செத்தவுகள வேலைக்கு அனுப்பாதீக. நம்பர மாத்துங்க."

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது. நாலு பேருக்குப் புத்தி சொல்லக்கூடியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியாக நடிக்கும்படி ஒரு பிள்ளைபெற்ற பெண்ணிடம் போய்க் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது குழந்தை சிணுங்கியது. அவர் குனிந்து தூக்கினார். கொழுகொழுவென்று ஒரு பையன், வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டிருந்தான். துணியின் முனை தோளிலிருந்து சரிந்து என் பக்கம் விழுந்தது. மூலையில் சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் துணி என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டியது. விற்காத பத்தில் ஒன்று; அவள் தைத்த மற்றதெல்லாம் அவள் இருக்கும்போதே விற்றுப்போயின, மகள் அந்தக் குறி போடுவதில்லை. அவள் கைத் தையல் எனக்குத் தெரியும். தோப்பில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அந்த ஒரு நிமிடம், சொன்னால் சிரிப்பீர்கள், என் மனைவி இந்த இடத்துக்கு எனக்கு முன்பே வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றே நம்பினேன்.

"இந்தத் துணி... ஏது?"

"இதுவா? ஒரு பிள்ளை அனுப்பிச்சு. யாரு எவருன்னு தெரியாது. நாலு மாசமா அப்பப்ப போன் போடும். ஒண்ணும் கேக்காது. 'சாப்பிட்டீங்களா'ங்கும். சாப்பிட்டேன்மா, நீ சாப்பிட்டியான்னு கேப்பேன். 'ம்'னு சொல்லி வச்சிரும். ஒரு நா இவன் வீல்னு கத்துனான். பிள்ளையான்னு கேட்டுச்சு. அட்ரசு கேட்டுச்சு. மறுவாரம் இது பார்சல்ல வந்துச்சு." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார். "எம்புட்டு அழுதாலும் இதப் போத்துனா அடங்கிருதான்."

"அந்தப் பிள்ளைகிட்டயும் சொன்னீங்களா, இந்த நம்பர்க்காரங்க இறந்துட்டாங்கன்னு?"

"இல்லண்ணாச்சி. எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுகிட்ட மட்டும் சொல்ல வாய் வரல."

போனை எடுத்து எண்ணைக் காட்டினார். கடைசி நாலு எண்களைப் பார்த்ததும் போதும் என்றேன்.

வீடு திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். மகள் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையில் சேறு, தலையில் சாரல். மில்லுக்குப் போனவன் கோலம் இல்லை அது.

"மம்சாபுரம் போயிருந்தேன்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மடித்தாள்.

"பிள்ளை நல்லா இருக்கானாப்பா?" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அம்மா போன பிறகு அவ்வப்போது அந்த எண்ணை அழைப்பாளாம். முதலில் மணி போகும், பீரோவுக்குள்ளிருந்து மெல்லக் கேட்கும். பிறகு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வரும். பிறகு அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வரும். இருந்தும் அழைப்பாளாம். ஒரு நாள் யாரோ எடுத்து, "வாரேன், வாரேன்" என்றார்களாம்.

"கேட்ட ஒடனே அம்மா இல்லன்னு தெரியும்பா. ஆனா சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

"கடை முடங்குனது அந்த நம்பராலதான்னு ஒனக்குத் தெரியுமா?"

"மொத தடவை மறுத்தப்பவே தெரியும். மாத்திட்டா அம்மா நம்பர் எங்கயுமே இருக்காதுல்லப்பா. அதுவுமில்லாம..." என்னைப் பார்த்தாள். "நீங்க ரீசார்ஜ் பண்ணுதேன்னு சொல்லிட்டு இருந்தீங்க. நான் நம்பர மாத்துனா, பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிரும். அதுக்குக் கடையே போகட்டும்னு விட்டுட்டேன்."

பஸ் ஸ்டாண்டு கடையில் நான் சொன்ன பொய்யை அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். நானும். அவள் அம்மா போனதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். விவரங்கள் உண்மை நிலையோடு பொருந்தவில்லை. நான் கத்திய அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை. இறந்துபோன ஒருத்தி தினமும் ஓரம் அடித்துத் தருகிறாள், போன் செய்தால் பேசுவாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எண்ணை மாற்றித் தன் எண்ணைப் போட்டாள். 'எங்களைப் பற்றி' என்ற பகுதி வந்ததும் கையை எடுத்துவிட்டாள். "நீங்க எழுதுங்கப்பா. எனக்கு வரல." நான் எழுதினேன். இந்தக் கடையைத் தொடங்கியவர் எங்கள் வீட்டு அம்மா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார், இப்போது அவர் மகள் நடத்துகிறாள் என்று. மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசி விண்ணப்பத்தோடு, அந்த எண் இன்னும் ஏன் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினோம்.

ஆறாம் நாள் மகளின் எண்ணுக்கு அந்தத் தளத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "ஆமா, கடைதான்" என்றாள். பிறகு எதற்கோ பதிலாக, "அது எங்க அம்மா. அம்மா இப்ப இல்ல. நான்தான் நடத்துறேன்" என்றாள். அம்மா இல்லை என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் துணிகள் பட்டியலில் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. சென்னைப் பேச்சு அதோடு நின்றது. மெஷின் உறை இப்போது கொடியில் தொங்குகிறது.

அந்த எண்ணை என் போனில் 'மாந்தோப்பு' என்று மாற்றிவிட்டேன். பையன் இப்போது நடை பழகுகிறான், படத்திலும் அவன்தான். மகள் இன்னும் அவ்வப்போது அழைத்துச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், இப்போது என் முன்னாலேயே. இருந்தும், எப்போதாவது அடுப்படியில் யாரோ "வாரேன்" என்பது போலக் கேட்டால் இன்னும் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அவள் இறந்த செய்தியைத் தொண்ணூறு பேருக்கு, கடைசியில் அவளுக்கே, அனுப்பத் தெரிந்த எனக்கு, ஒரே கூரையின் கீழ் இருந்த மகளிடம் அதைப் பேச இரண்டு வருடமும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மறுப்பும் தேவைப்பட்டன என்பதுதான், அந்தத் தோப்பைவிட இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.